பூவெளியும் அநர்த்ததண்ட விரதமும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் பன்னிரு விரதங்களுள் அநர்த்ததண்ட விரதம் ஒன்று. பயனின்றி உயிர்களுக்குத் துன்பம் விளைத்தலைத் தவிர்ப்பதே அதன் பொருள். வீணே மண்ணைக் கிளறுதல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடி கொடிகளை வெட்டுதல் ஆகியவற்றை ஆசாரிய சமந்தபத்திரர் ‘பிரமாதசரியை’ என்னும் குற்றத்துள் அடக்கினார். ஐவகை ஓரறிவுயிர்களும் இதனுள் அமைந்திருத்தல் காண்க.

இவ்விரதத்தை வீட்டளவில் நாம் நினைவிற் கொள்கிறோம். விழா என்று வந்துவிட்டால் மறந்துவிடுகிறோம். ஆதலின் பொது விழா ஒன்றை எடுத்துக்கொண்டு இதனைக் கற்போம்.

லண்டனில் மலர்ந்த பூவெளி

2012ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் லண்டனில் ஒலிம்பிக் விளையாட்டு விழா தொடங்கியது. அதற்கெனப் பூங்கா அமைத்த கிழக்கு லண்டன் நிலம், தொழிற்சாலைக் கழிவுகளால் நஞ்சேறிக் கிடந்தது. எண்ணெய், தார், ஈயம் முதலியன கலந்த மண்ணைத் தோண்டிக் கழுவித் தூய்மைப்படுத்தி, அதன் பெரும்பகுதியை அங்கேயே மீண்டும் பயன்படுத்தினர். அப்பூங்காவிற்கு அருகிலுள்ள போ என்னும் பகுதியில்தான், 1888ஆம் ஆண்டு பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். வெண்பாஸ்பரஸ் தாடையெலும்பை அரித்த கொடுமை அக்காலத் தொழிலாளரை வாட்டியது. சிவகாசி வட்டாரத்து வாசகர்க்கு இச்செய்தி எளிதில் விளங்கும்.

ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்து அறிஞர்கள் நைஜல் டன்னெட், ஜேம்ஸ் ஹிட்ச்மோ ஆகிய இருவரும் அங்கே பூவெளிகளை வகுத்தனர். அரங்கத்தை அடுத்துப் பொன்னிறப் பூக்கள் விரிந்தன. அவர்கள் கையாண்ட நெறிகளுள் இரண்டு நமக்குப் பாடமாகும்.

முதலாவது, சத்துக் குறைந்த மண்ணையே தேர்ந்தமை. வளம் மிகுந்த மண்ணில் புல் முதலிய வலிய பயிர்கள் ஓங்கி, மெல்லிய பூஞ்செடிகளை நெருக்கிவிடும். அளவோடு கிடைக்கும் இடத்தில் பலவும் கூடி வாழும். மிகுபொருள் விரும்பாமையின் மாண்பைச் செடிகளும் உணர்த்துகின்றன.

இரண்டாவது, காலமறிந்து செய்தமை. விழா நாளில் மலரும்படி விதைப்புக் காலத்தை முன்னரே சோதித்து வரையறுத்தனர். தொடக்க நாளின் வாணவேடிக்கை சில நிமிடங்களில் மறைந்தது. பூவெளியோ பல வாரங்கள் கண்ணுக்கு விருந்தாகித் தேனீக்களுக்கும் உணவளித்தது.

விரதத்தின் அளவுகோல்

பூவெளி அமைப்பதிலும் மண்ணைக் கிளறுதல் உண்டு. களைகளை அழித்தல் உண்டு. அது குற்றமன்றோ எனின், நம் நூல்கள் இம்சையை நால்வகையாகப் பகுத்தமையை எண்ணுக. வேண்டுமென்றே கொல்லும் சங்கற்ப இம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். இல்லறக் கடமையில் நேரும் ஆரம்ப இம்சை, தொழிலில் நேரும் உத்தியோக இம்சை, தற்காப்பில் நேரும் விரோத இம்சை ஆகியவற்றை இயன்ற அளவு குறைக்க வேண்டும். எனவே எச்செயலிலும் மூன்று வினாக்கள் எழ வேண்டும். இது தேவைதானா? இதனினும் குறைந்த துன்பத்தில் முடியுமா? முடிந்தபின் அவ்விடம் உயிர்களுக்கு ஆதரவாகுமா?

நம் வறண்ட நிலத்தில்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் தும்பை, துத்தி, கொழுஞ்சி, சிறுபூளை முதலியன தாமே முளைக்கும். இங்குப் பூவெளிக்கு விதை வாங்கவும் வேண்டா. இருப்பதை அழியாமல் விட்டாலே போதும்.

ஆயின் குடியரசு நாள் விளையாட்டுகளுக்கு முன் மைதானத்தின் ஓரங்களையும் சேர்த்துச் செதுக்கித் தீயிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அச்செடிகளின் வேரடியில் ஈரறிவுடைய புழுவும், தண்டில் மூவறிவுடைய எறும்பும், மலரில் நாலறிவுடைய வண்டும் வாழ்கின்றன. எருக்கிலையில் வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சி முட்டையிடுகிறது. சில நாழிகை விளையாட்டிற்காக இத்தனை உயிர்களையும் எரித்தல் அநர்த்ததண்டமே ஆகும்.

ஓடுபாதையில் படர்ந்த நெருஞ்சியை அகற்றுதல் அவ்வாறன்று. வெறுங்காலோடு ஓடும் சிறார்க்கு அது தேவை. அதனையும் தீயிடாது, நஞ்சு தெளிக்காது, கையால் அகற்றுக. ஓரங்களை விட்டுவைக்க. மாசி, பங்குனியில் விதை முற்றி உதிர்ந்தபின், ஒரு பகுதியை அறுத்து மறு பகுதியை நிற்கவிடுக. அங்குள்ள உயிர்கள் இடம் பெயர அது உதவும்.

பட்டாசுத் தொழிலால் உயிர் வாழும் எளியோரைப் பழித்தல் நம் நோக்கமன்று. தீயின்றியும் விழா பொலிவுறும் என்பதை நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் செய்து காட்டுவதே நம் கடமை. மகாவீரர் முக்தியடைந்த தீபாவளித் திருநாளுக்கும் இது பொருந்தும்.

பிள்ளைகளுக்கான வினாக்கள்

1. பிரமாதசரியை என்பது யாது? உங்கள் வீட்டிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.

2. நெருஞ்சியை அகற்றுவதும் ஓரச் செடிகளை எரிப்பதும் எவ்வாறு வேறுபடுகின்றன?

3. உங்கள் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் உள்ள செடிகள் ஐந்தின் பெயரையும், அவற்றை நாடி வரும் உயிர்களையும், அவற்றின் அறிவின் எண்ணிக்கையையும் எழுதுக.