அச்சுக்கோக்கும் மென்பொருளும் ஒப்புநோக்கலும்

ஓலை பழுதுபடுமென்று அஞ்சி, ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதினர். அவ்வேடுகளை ஒப்புநோக்கித் திருத்தமான பதிப்புக்களை வெளியிட்ட ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் பட்ட பாடு நாமறிந்ததே. இன்று அச்சுக்கோக்குந் தொழிலைக் கணினி மென்பொருள் மேற்கொண்டுவிட்டது. எனினும், ஒப்புநோக்கும் வேலை ஒழியவில்லை. நூலைச் சரவை பார்ப்பது போலவே, நூலைக் கோக்கும் மென்பொருளையும் சரவை பார்த்தல் வேண்டும். அதனைச் செய்யுமாறு ஈண்டுச் சுருக்கிக் கூறப்படும்.

மென்பொருளில் ஓரிடத்தைத் திருத்த, வேறோரிடம் பழுதுறுதல் உண்டு. வரிகளின் இடைவெளியைத் திருத்தியவர், அதனால் அடிக்குறிப்பொன்று அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டதை அறியார். நேற்றுச் செம்மையாயிருந்தது இன்று கெட்டதா எனக் காண்பதே பின்னடைவுச் சோதனையாம். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத், தாம் ஆக்கிய 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக 'டிரிப்' என்னுங் கடுஞ்சோதனையை 1984இல் வெளியிட்டார். அது மென்பொருள் எழுதும் குறிப்புக்களை வரிவரியாக ஒப்பிடுவது. இசைக்குறிகளைக் கோக்கும் 'லிலிபொண்ட்' மென்பொருளை ஆக்குவோரோ, அச்சாகும் உருவத்தின் படங்களையும் ஒப்பிடுகின்றனர். இவ்விரண்டாம் வகையே நாம் எடுத்துக்கொண்டது.

அதன் படிகள் நான்கு.

முதலாவது, சிறு மாதிரிகளை எழுதுதல். ஒரு மாதிரி ஒன்றனையே சோதித்தல் நன்று. 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறி, கணினியில் ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவும் பதியப்படலாம். எவ்வாறு பதியினும் உருவம் ஒன்றாதல் வேண்டும். சொல்லைப் பிரித்து மடக்கும்போது மெய்யெழுத்து வரியின் முதலில் நில்லாமை மற்றொரு மாதிரி.

இரண்டாவது, எழுத்துருவையும் துணை மென்பொருள்களின் பதிப்பையும் மாறாது நிறுத்துதல். திகதியையும் ஒன்றாகவே வைத்தல் வேண்டும். அன்றன்றைத் திகதியை அச்சிடும் பக்கம் நாடோறும் வேறுபடுமன்றோ?

மூன்றாவது, பக்கங்களைப் படமாக்கி, கண்ணாற் பார்த்து ஒப்புக்கொண்டவற்றை மூலப்படியாக வைத்தல்.

நான்காவது, மென்பொருள் திருத்தப்படுந்தோறும் கணினி தானாகவே புதுப்படங்களை ஆக்கி, மூலப்படியோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களைச் செந்நிறத்திற் காட்டுமாறு செய்தல்.

இங்கே ஓர் இடர் உண்டு. படமென்பது 'பிக்செல்' எனப்படும் நுண்கட்டங்களின் தொகுதி. ஏ4 தாளை அங்குலத்துக்கு 150 கட்டமாகப் படமாக்கின், 1,240 நிரலும் 1,754 நிரையுமாக 21 இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் உளவாம். எழுத்தின் ஓரச்சாயல் கணினிக்குக் கணினி சிறிது வேறுபடுமாதலால், ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைப் பொறுக்கலாமெனச் சிலர் விதிப்பர். அவ்வளவு இரண்டாயிரங் கட்டங்களைத் தாண்டும். சிறிய எழுத்தின் புள்ளியொன்றோ இருபது கட்டங்களையும் நிரப்பாது. ஆகவே, பக்கத்தில் நூறு புள்ளிகள் ஒழிந்தாலும் மென்பொருள் 'தேறியது' என்றே முடிவு வரும்! 'கல்வி' என்பதிற் புள்ளி ஒழியின் 'கலவி' ஆகும். கல்லூரி மலரொன்றில் அதன் விளைவை விரித்துரைத்தல் வேண்டா. ஆதலின், ஒரு கட்டத்தின் சாயல் சிறிது மாறுவதைப் பொறுக்கலாம். கரிய கட்டங்கள் சேர்ந்தாற்போல் வெண்மையாவதைப் பொறுத்தலாகாது.

இதனினும் பெரிய இடர் சோம்பல். ஒருமுறை நூறு படங்கள் வேறுபட்டு நின்றால், ஒவ்வொன்றாகப் பார்க்கச் சலித்து, அனைத்தையும் ஒரே கட்டளையால் புது மூலப்படியாக்குவோர் உளர். அன்று நுழைந்த பிழை அதன்பின் சரியென்றே கொள்ளப்படும். திருத்த முயல்வோனையே சோதனை குற்றஞ்சாட்டும்.

சோதனை வேறுபாட்டைக் காட்டும். எது சரியென்று சொல்லாது. தமிழ்ப் பக்கத்தின் மூலப்படியைத் தமிழ் படிக்கத் தெரிந்தவரே ஒப்புதல் வேண்டும். கணினி கற்கும் எம் மாணவர் தமிழையும் ஐயமறக் கற்கவேண்டுமென யாம் வற்புறுத்துவது இதனாலேயாம். ஒப்பிடும் உழைப்பைப் பொறியிடம் விடலாம். ஒப்புக்கொள்ளும் பொறுப்பை விடலாகாது.