பொடியில் கலக்கும் இரும்பு

அன்புள்ள இளவேனில்,

ஜாரியா நிலக்கரியை அரைத்து அதன் காந்த ஏற்புத்திறனை அளக்கப்போவதாக எழுதியிருந்தாய். அளக்கும் கருவியைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறாய். அரைக்கும் மில்லைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு அதில்தான் கவலை.

அம்மி கொத்திய மறுநாள் சட்னியில் மணல் நறநறக்குமே, எஃகு மில்லிலும் அதுதான் நடக்கிறது. நிலக்கரி மென்மையானது. அதற்குள் இருக்கும் குவார்ட்சும் பைரைட்டும் அப்படியல்ல. எஃகுக் குண்டுகளைச் சுரண்டிவிடும். அப்படி உதிரும் எஃகுத் துகள் பொடியோடு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் அளவு பார்ப்பவருக்கு அது ஒரு பொருட்டில்லை. உனக்கோ அளவையே கெடுத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார். நிலக்கரியின் கரிமப் பகுதி டயா காந்தப் பொருள். காந்தப்புலம் அதை மிக மெல்ல விலக்கும். 1 டெஸ்லா புலத்தில் 1 கிராம் கரியின் அந்த விலக்கத்தை முழுவதும் மறைக்க ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் இரும்பு போதும்.

ஜாரியாவில் இன்னொரு சிக்கல். 1916 முதல் அங்கே நிலத்தடியில் தீ எரிகிறது. அந்த வெப்பத்தில் இரும்புக் கனிமங்கள் மேக்னடைட்டாக மாறுவதால், தீப்பட்ட பாறைக்கு உண்மையாகவே காந்தம் கூடும். நீ தேடுவதும் அதைத்தான். மில் தருவதும் அதே போன்ற அளவைத்தான். இரண்டையும் பிரித்தறியப் பொடியைச் சூடாக்கிப் பார்க்கலாம். மேக்னடைட்டின் காந்தம் 580 டிகிரி செல்சியஸ் அருகே மறையும். இரும்பினுடையது 770 வரை நிற்கும். ஆனால் சில இடங்களில் தீயே உலோக இரும்பையும் உண்டாக்கும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடாதே.

அரைக்காத கட்டி ஒன்றை முதலில் அள. பிறகு அதே கரியைப் பகுதி பகுதியாக 5, 10, 20 நிமிடம் அரைத்து அள. நேரம் கூடக் கூடக் காந்தமும் ஏறினால் மில்லைச் சந்தேகப்படு. தூய குவார்ட்சையும் அதே மில்லில் அரைத்துப் பார்த்துவிடு.

துருப்பிடிக்காத எஃகு காந்தத்தில் ஒட்டாது என்று யாராவது சொல்வார்கள். 304 வகை எஃகு அடிபட்டு நசுங்கும்போது அதில் ஒரு பங்கு மார்டென்சைட்டாகி, காந்தத்தன்மை பெற்றுவிடும். டங்ஸ்டன் கார்பைடிலும் பெரும்பாலும் கோபால்ட் பிணைப்பு இருக்கும். அதுவும் காந்த உலோகமே. அகேட் உரல்தான் நல்லது. அதிலிருந்து தேய்ந்து வருவது சிலிக்கா. உன் அளவை அது அவ்வளவாக அசைக்காது. கை வலிக்கும், பொறுத்துக்கொள்.

காந்தத்தை வைத்துப் பொடியிலிருந்து இரும்பை இழுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. கரியின் சொந்த மேக்னடைட்டும் அதோடு போய்விடும்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் அகேட் உரல் இருக்கிறதா என்று விசாரித்து எழுது, அரைக்கத் தொடங்குமுன்.

அன்புடன்,
சித்தப்பா