தவளைக்கு ஒரு மனை



"நீர்நில வாழ்வனவற்றைக் காக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்றிற்கு வரைபடம் வரைந்து வாருங்கள்" என்றார் எங்கள் அறிவியல் ஆசிரியை. தவளைக்குக் கட்டடமா என்று நகைத்தோம். வரையத் தொடங்கிய பின்னரே அதன் அருமை விளங்கிற்று.

தவளை வாயால் நீர் பருகுவதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. தோலாலும் சுவாசிக்கிறது. ஆகவே கட்டடத்தின் முதல் தேவை தூய நீர். குழாய் நீரிலுள்ள குளோரின் தவளைக்குத் தீங்கானது. அதை நீக்கிய பின்பே தொட்டியில் விட வேண்டும். அறை ஈரமாக இருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றாலும் வெப்பம் ஏறாதிருக்க ஜெனரேட்டர் வேண்டும். இரைக்காகப் பூச்சி வளர்க்கவும் ஓர் அறை வேண்டும்.

அடுத்தது நோய்த்தடுப்பு. 'கைட்ரிட்' என்னும் பூஞ்சை தவளையின் தோலைத் தாக்குகிறது. 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, இந்நோயால் குறைந்துபோன இனங்கள் 501. அவற்றுள் 90 அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன. எனவே புதிதாக வரும் தவளைக்குத் தனியறை, அறைதோறும் தனிக் காலணி, கழிவுநீருக்குக் கிருமிநீக்கம் ஆகியவை இன்றியமையாதவை. 2006-இல் பனாமா நாட்டின் எல் வாயே என்னும் ஊரில் இப்பூஞ்சை பரவியபோது, நிலையம் கட்டி முடியாமையால் தவளைகளைத் தங்கும் விடுதியின் அறைகளில் வைத்துக் காத்தனர்!

இவை அனைத்தையும் வரைந்து பெருமையுடன் நீட்டினேன். ஆசிரியை கூர்ந்து நோக்கி, "நன்று. இவை வீடு திரும்பும் வழி எங்கே?" என்றார். நான் விழித்தேன்.

நம் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அருகிவந்த முதலைகளைக் காக்க 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் அதனை நிறுவினார். முதலைகள் நன்கு பெருகின. ஆனால் அவற்றை விடுவதற்கு ஆறும் ஏரியும் போதவில்லை. இடநெருக்கடியால் 2022-இல் பல முதலைகள் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்பப்பட்டன. காப்பகம் உயிரைக் காக்கும். வாழிடத்தைத் தர அதனால் இயலாது.

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு குட்டை இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மண் கொட்டி அதை மனையாக்கினர். அந்த ஐப்பசியிலும் மழை வந்தது; தவளையின் குரல் வரவில்லை. இரவில் படிக்கும்போது அந்த அமைதி எனக்கு என்னவோ போல் இருந்தது. கொசு மட்டும் குறையவில்லை!

வரைபடத்தைத் திருத்தினேன். கட்டடத்தைச் சிறிதாக்கி, பின்புறம் சரிவான கரையுடன் ஒரு குளம் வரைந்தேன். சுற்றிலும் கோரைப்புல், நடுவே ஒரு திறந்த கதவு.

தோழியரே, கட்டடம் கட்டும் வயது நமக்கு இன்னும் வரவில்லை. ஆயினும் நம் தெருக் குட்டையில் குப்பை கொட்டாதிருக்கலாம்; அதைத் தூர்க்க வேண்டாமென்று பெற்றோரிடம் எடுத்துச் சொல்லலாம். இறைவன் தவளைக்கு அளித்த மனை அதுவே. அதைக் காப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி, ஊரப்பாக்கம்