ரீகாலை பைத்தானோடு பேச வைப்போம்

லேப்டாப் முழுக்க பிடிஎஃப் இருக்கும். தேர்வுக்கு முந்தின நாள் தேவையான நோட்ஸ் மட்டும் கிடைக்காது! ஃபைலுக்குள்ளே இருக்கும் வார்த்தையை வைத்தே தேடித்தரும் இலவச மென்பொருள்தான் ரீகால். நம்ம பைத்தான் ப்ரோக்ராமில் இருந்தும் இதில் தேடலாம்.

ரீகால் எழுதப்பட்டது சி பிளஸ் பிளஸ்ஸில். அதற்கும் பைத்தானுக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் மாட்யூல். அது கம்பைல் ஆகி வரணும்.

1. உபுண்டு, டெபியன் என்றால் 'பைத்தான்3-ரீகால்' பேக்கேஜை ஆப்ட் வழியாகப் போட்டாலே போதும்.

2. சோர்ஸில் இருந்து பில்ட் பண்ணுவதாக இருந்தால், கம்பைலரோடு பைத்தான், ஸாபியன் இரண்டின் 'டெவ்' பேக்கேஜ்களும் வேணும். பைத்தானுடையது இல்லையென்றால், ஹெடர் ஃபைல் கிடைக்காமல் பில்ட் பாதியில் நின்றுவிடும்.

3. 'ரீகால்இண்டெக்ஸ்' கமாண்டை ஒருமுறை ஓட்டுங்க. இண்டெக்ஸ் இல்லாமல் தேட முடியாது.

4. பைத்தானில் மாட்யூலை இம்போர்ட் பண்ணி, 'கனெக்ட்', 'குவெரி', 'எக்ஸிகியூட்' என்று வரிசையாக அழைத்தால் விடை வரும்.

எல்லாம் சரியாகப் போட்டும், 'மாட்யூல் இல்லை' என்ற எர்ரரோடு ஒரு ராத்திரி முழுக்கப் போராடினேன். காரணம், மாட்யூல் போய் உட்கார்ந்தது சிஸ்டம் பைத்தானில். நான் ஓட்டியதோ வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில்! அதை 'சிஸ்டம் சைட் பேக்கேஜஸ்' ஆப்ஷனோடு புதிதாக உருவாக்கியதும் வேலை செய்தது. அதேபோல 3.10க்கு கம்பைல் செய்ததை 3.12 ஏற்காது.

அதனால் இன்ஸ்டால் பண்ணும் முன் ஒரே கேள்வி கேளுங்க: எந்தப் பைத்தானுக்கு?