பாப்பாவிடம் போன ஜூம் லென்ஸ்

என் செல்லப் பாப்பாவுக்கு,

தாத்தா எழுதுவது. போனில் எதைச் சொன்னாலும் "சரி தாத்தா, சரி தாத்தா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அப்பாயியிடம் பேசப் போய்விடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். ஹாஸ்டலில் வயிறார சாப்பிடுகிறாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்பதெல்லாம் அப்பாயி தனியாகக் கேட்பாள். நான் லென்ஸோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய கொக்குப் படத்தை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேலவயலில் டிராக்டர் சேறடிக்க, பின்னாலேயே பூச்சி பொறுக்க இறங்கிய கூட்டம். நல்ல படம். ஆனால் ஒவ்வொரு கொக்கின் முதுகிலும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு. "லென்ஸுக்கு வயசாயிடுச்சு தாத்தா" என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டுப் பழி போடாதே கண்ணு. உச்சி வெயில், கறுத்த சேறு, அதன்மேல் வெள்ளைக் கொக்கு; நீயோ அபர்ச்சரை 4.5-ல் முழுசாகத் திறந்து வைத்திருக்கிறாய். அந்தக் காலத்துக் கண்ணாடி அப்படித்தான் கோடு போடும். 8-க்கு மூடிப் பார், பெரும்பாலும் அடங்கிவிடும். வெளிச்சத்தையும் ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள். நாங்கள் நெகட்டிவில் கொஞ்சம் தாராளமாகவே வெளிச்சம் விடுவோம், அது தாங்கும். டிஜிட்டலில் வெள்ளை வெளுத்துவிட்டால் இறகு போனது போனதுதான். எல்லாவற்றுக்கும் மேலே, காலை ஏழு மணிக்குள் வரப்பில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் நீ கண் விழித்து நான் பார்த்தது பொங்கலன்று மட்டும்தான், அதுவும் கரும்புக்காக.

அந்த நிக்கான் 80–200 நம் வீட்டுக்கு வந்தது 1981-ல். சிங்கப்பூரில் இருந்த என் சின்ன மாமா, சிதம்பரம் கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது கைலிக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். கும்பகோணத்தில் அப்போது நான் வைத்திருந்த ஸ்டூடியோவுக்கு அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். "இதைக் கையில் பிடித்தால் கால் சோம்பேறியாகிவிடும்" என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எச்சரித்தார். அடுத்த தையில் திருவையாறு ஆராதனைக்கு எடுத்துப்போனேன். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' ரோல், 36 படம். பந்தலில் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க விட்டார்கள். தூரத்தில் தம்பூராவை மடியில் சாய்த்துக்கொண்டு ஒரு பெரியம்மா. வளையத்தை 200-க்கு இழுத்து, தந்தியை மீட்டுகிற அவர் விரலில் ஃபோகஸ் வைத்து, பிறகு மெல்ல 80-க்குத் தள்ளினேன். பந்தல் வந்தது, சுற்றி உட்கார்ந்து பாடுகிறவர்கள் வந்தார்கள், விரலின் கூர்மை மட்டும் குலையவே இல்லை.

இந்த ஒரு பழக்கத்தை நீ பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. முதலில் 200-க்கு இழு, ஃபோகஸ் வை, அப்புறம் வேண்டிய அளவுக்குப் பின்வாங்கு. லென்ஸ் கழுத்தில் வண்ண வண்ணமாய் வளைந்து போகும் கோடுகளைப் பார்த்திருப்பாயே, அழகுக்குப் போட்டதில்லை. எந்த அபர்ச்சரில் எவ்வளவு ஆழம் தெளிவாக இருக்கும் என்று சொல்லும் கணக்கு அது. 80-ல் விரிந்து கிடக்கும். 200-ல் ஒன்றையொன்று நெருங்கிவிடும். நெருங்கும் இடத்தில் தப்புக்கு இடமில்லை, அதனால்தான் அங்கே ஃபோகஸ். உன் கேமரா ஓரங்களில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறதே, அதை முழுசாக நம்பாதே. படத்தைப் பெரிதாக்கும் பட்டனை அழுத்தி, கண்ணிமையைப் பார்த்து வை.

"80-க்குத் தள்ளினால் மங்குது தாத்தா" என்றாய். அங்கேதான் எனக்கு உன் அடாப்டர் மேல் சந்தேகம். நிக்கானில் லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து பிலிமுக்கு 46.5 மில்லிமீட்டர். உன் சோனியில் சென்சாருக்கு 18. மீதி 28.5-ஐ அந்த வெற்று வளையம் நிரப்ப வேண்டும், அதற்கு வேறு வேலையே கிடையாது. மலிவு அடாப்டர்களை வேண்டுமென்றே ஒரு மயிரிழை குட்டையாகக் கடைந்துவிடுகிறார்கள், தூரத்துப் பொருள் எப்படியும் ஃபோகஸுக்கு வந்துவிடட்டும் என்று. ஜூம் இல்லாத லென்ஸுக்கு அது பரவாயில்லை, வளையத்தைத் திருப்பிச் சரிக்கட்டலாம். ஜூமில் அந்த மயிரிழை, இழுத்துத் தள்ளும்போதெல்லாம் ஃபோகஸை நகர்த்திவிடும். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது தஞ்சாவூர்ப் புது ஆற்றுப் பாலத்தில் நின்று பெரிய கோயில் கலசத்தைப் பிடி. 200-ல் தெளிவாக்கிவிட்டு வளையத்தைத் திருப்பாமல் 80-க்குத் தள்ளிப் பார். மங்கினால் அடாப்டரை மாற்று, காசு நான் தருகிறேன். கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பிலும் நீ எடுக்கப்போகும் ஃபோகல் நீளத்தைக் கையால் குறித்துக் கொடு. 200 என்று சொல்லிவிட்டு 80-ல் எடுத்தால் அதுவே படத்தை ஆட்டிவிடும்.

கோயில் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர், அன்றைய சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபர், பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை, கேமராவைத் தூக்கித் தூக்கி நகர்த்தி வைத்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். பிலிம்கூட இல்லை, காகித நெகட்டிவ். தஞ்சாவூர் வெயிலில் எத்தனை நடை நடந்திருப்பார்! நின்ற இடத்தில் நின்று வளையத்தை இழுக்கத் தோன்றும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்.

அறுவடைக் களத்தில் நீ நடந்தே ஆகவேண்டும். கதிர் அறுக்கும் மெஷின் ஓடும்போது சுணையும் பதரும் பறக்கும். இந்த லென்ஸ் கொல்லன் துருத்தி மாதிரி. இழுக்கும்போது காற்றையும் தூசியையும் சேர்த்து உறிஞ்சும். களத்தில் ஒரு நீளத்தில் வைத்துவிட்டு வளையத்தை இழுக்காதே, தள்ளாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொக்குப் படத்துக்கு அப்புறம் நீ அதைத் தோல் உறையில் போட்டுப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டதாக உன் அப்பா சொன்னான். "தாத்தா ஞாபகம், கெட்டுப்போயிடக் கூடாது" என்றாயாம். பாப்பா, இன்னொரு லென்ஸை நானும் அப்படித்தான் பூட்டினேன். ஸ்டூடியோவை மூடிய வருஷம், 135 ஒன்றை அதன் தோல் உறையோடு அப்பாயியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தேன். மூன்று ஐப்பசி அடைமழை போனது. எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லிசாக, வெள்ளையாக வேர் ஓடியிருந்தது. கழற்றித் துடைத்ததில் பூஞ்சை போனது, அது கண்ணாடியை அரித்த தடம் போகவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 80–200 தப்பியதற்குக் காரணம், ரோல் போடாத கேமராவில் அதை மாட்டி, வாரம் தவறாமல் திண்ணையில் உட்கார்ந்து வாய்க்கால் மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். வெளிச்சமும் காற்றும் அதற்குப் போய்க்கொண்டே இருந்தன.

ஆகவே அந்தத் தோல் உறையைத் தூர வை, ஈரத்தைக் குடித்து வைத்திருப்பதே அதுதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. நீலம் ரோஸாக மாறினால் சமையலுக்குப் புழங்காத சட்டியில் வறுத்துத் திரும்பப் போடு. யாரோ சொன்னார்கள் என்று அரிசிக்குள் புதைக்காதே, தவிட்டுத் தூசி புகுந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாளாவது வெளியே எடுத்து நாலு படம் எடு. கீறல் விழுந்தால் விழட்டும், கீழே போட்டாலும் தாத்தா திட்டமாட்டேன்.

லென்ஸின் பின்மூடியை இங்கேயே ஜன்னல் மாடத்தில் விட்டுப் போயிருக்கிறாய். அது இல்லாமல்தான் இத்தனை நாள் பெட்டியில் வைத்திருந்தாயா? வெள்ளிக்கிழமை உன் அப்பா சென்னைக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அப்பாயி முறுக்கு சுட்டிருக்கிறாள். முறுக்கு தின்ற கையோடு லென்ஸைத் தொடாதே.

அன்புடன்,
தாத்தா