சிறு மாத்திரை குறித்து இளம் வைத்தியருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஒரத்தநாட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீ பொறுப்பேற்றுக்கொண்டதையும், தை பிறந்ததிலிருந்து தும்மலோடும் அரிப்போடும் வருகிறவர்களைப் பார்ப்பதிலேயே முற்பகல் முழுதும் கழிந்துவிடுவதையும் உன் கடிதத்தால் அறிந்தேன். சம்பா அறுவடைக் காலத்தில் நம் நாட்டில் அது இயல்புதான். களத்தில் தூற்றும்போது பறக்கும் பதரும், நெல்லின் சுனையும், கொள்முதல் நிலையத்தில் மூட்டை சுமப்பவர் முகத்தில் படியும் தூசியும், வைக்கோற்போரில் பூத்த பூஞ்சணமும் ஒன்றுசேர்ந்து மூக்கையும் தோலையும் மூச்சுக்குழலையும் உபாதைப்படுத்துகிற மாதம் அது. எனினும், வருகிறவர்களுக்கெல்லாம் நாலு மில்லிகிராம் சி.பி.எம். என்னும் குளோர்பெனிரமின் மாத்திரையைக் கொடுத்தனுப்புவதாகவும், அது தீங்கற்ற மருந்தென்று எல்லோரும் சொல்வதாகவும் நீ எழுதியிருந்த வாக்கியம் எனக்குக் கவலை தந்தது. அந்த நம்பிக்கையைக் குறித்தே இக்கடிதம்.

ஒவ்வாமையின்போது சுரக்கும் ஹிஸ்டமின் இரத்த நாளங்களை விரித்து நீர் கசியச் செய்து, நரம்பு நுனிகளைத் தூண்டி அரிப்பை உண்டாக்குகிறது; மூளையில் நம்மை விழிப்போடு வைத்திருப்பதற்கு உதவுவதும் அதே ஹிஸ்டமின்தான். 1937-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவே இதனைத் தடுக்கும் பொருளை முதன்முதலாகக் கண்டறிந்து, பின்னர் 1957-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த வழியில் வந்த குளோர்பெனிரமின், பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் ஆகியவை மூளையைக் காக்கும் தடையைக் கடந்து உள்ளே சென்றுவிடுகின்றன. இந்த வமிசத்தை ஆராய்ந்துகொண்டிருந்த பிரெஞ்சு ரசாயனிகளின் கையிலேதான் 1950-இல் குளோர்புரோமசின் என்னும் மனநோய் மருந்து பிறந்தது. மூக்கோடு நின்றுவிடும் மருந்துகள் இவை அல்ல என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஆகையால், உன் எதிரே அமர்ந்திருப்பவர் எதனால் தும்முகிறார் என்று கேட்பதற்கு முன்பே, இன்றிரவும் நாளைக் காலையும் அவருக்கு என்ன வேலை என்று கேள். மழை வருமுன் கதிரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு நள்ளிரவு வரை அறுவடை இயந்திரத்தை ஓட்டுகிறவர், டிராக்டரில் நெல் ஏற்றிச் செல்கிறவர், விடியுமுன் புது ஆற்றங்கரைச் சாலையில் இருசக்கர வண்டியில் பால் கொண்டுபோகிறவர் ஆகிய இவர்கள் கையிலே குளோர்பெனிரமினைக் கொடுப்பது பிராணாபத்தை விலைக்கு வாங்கிக் கொடுப்பதாகும். இரவில் விழுங்கிய மாத்திரை காலையில் தீர்ந்துபோவதில்லை. பெரியவர்களின் இரத்தத்தில் அது பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். தூக்கம் வரவில்லை என்று அவரே சொன்னாலும் கையும் கண்ணும் மந்தித்திருக்கக்கூடும். மாலையில் மது அருந்தும் வழக்கம் உண்டா என்பதையும் கூச்சப்படாமல், கண்டிக்கும் குரலில்லாமல் விசாரி. இத்தகையோருக்கு லோராடடினோ பெக்சோபெனடினோ ஏற்றவை. பெக்சோபெனடினைப் பழச்சாற்றோடு விழுங்கினால் அது உடலில் சரியாகச் சேராது. தண்ணீரோடு உட்கொள்ளச் சொல். செட்ரிசின் பழைய மருந்துகளைவிட மேலானதே. ஆயினும் சிலருக்கு அதுவும் மயக்கம் தரும். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அதன் அளவைப் பாதியாகவேனும் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் தினமும் செட்ரிசின் உட்கொண்டவர் திடீரென்று நிறுத்தும்போது சிலருக்குக் கடுமையான அரிப்பு மூளுவதுண்டு என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 மே மாதத்தில் எச்சரித்திருக்கிறது.

அரிப்பெல்லாம் ஒவ்வாமை அல்ல என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடவு வயலில் நாளெல்லாம் நின்ற கால்விரல் இடுக்கின் சேற்றுப்புண்ணையும், படர்தாமரையையும், வீட்டிலுள்ள அனைவருக்கும் பரவியிருக்கும் சொறியையும் மாத்திரையால் அடக்கி வைத்தால் வியாதி வளரும்.

முதியவர்களிடத்தில் இன்னும் ஜாக்கிரதையாக இரு. பழைய வகை மருந்துகள் வாயை உலர்த்தி மலத்தைக் கட்டுவதோடு, புரோஸ்டேட் வீங்கிய கிழவருக்குச் சிறுநீரை அடியோடு அடைத்துவிடும். கண்ணின் முன்னறை குறுகியிருப்பவருக்குக் கண்ணழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். நேற்றுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டியை இரவில் பிதற்றவும், எழுந்து நடந்து இடறி விழவும் செய்யும். சளி மாத்திரை என்று கடையில் விற்கும் கலவைகளில் பலவற்றிலும் இதே குளோர்பெனிரமின் மறைந்திருப்பதால், அவர் முந்தானையிலோ மடியிலோ முடிந்து வைத்திருக்கும் மாத்திரைகள் அனைத்தையும் மேஜைமேல் வைக்கச் சொல்லிப் பார். பார்த்ததைக் குறித்தும் வை. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண்நோயாளிகளின் நிலையைச் சித்திரங்களோடு எழுதி வைத்த குறிப்புகள் இன்றும் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. எழுத நேரமில்லை என்று சொல்லும் உரிமை தஞ்சை நாட்டு வைத்தியனுக்கு இல்லை.

குழந்தைகளின் விஷயத்தை எழுதும்போது என் மனம் கொதிக்கிறது. நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்திலே தயாரான 'கோல்ட்ரிஃப்' என்னும் சளி மருந்தைக் குடித்து, 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார்கள். பாராசிட்டமாலும் பினைலெப்ரினும் குளோர்பெனிரமினும் சேர்ந்த அந்தத் திரவத்தில், நூற்றுக்கு 48.6 பங்கு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம் இருந்ததாக நம் மாநிலத்துப் பரிசோதனையில் வெளிப்பட்டது. கொன்றது அந்த விஷமே, ஒவ்வாமை மருந்து அன்று, அது மெய். ஆனால் தானே ஆறிவிடும் சாதாரண ஜலதோஷத்திற்கு அந்தப் பச்சிளம் வாய்களில் அதை ஏன் ஊற்ற வேண்டியிருந்தது? குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாதென்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தார். புரோமெத்தசினோ இரண்டு வயதுக்குட்பட்ட சிசுவின் மூச்சையே அடக்கிவிட வல்லது. "தூங்கட்டும், ஏதாவது கொடுங்கள்" என்று தாய் கேட்பாள். அவள் இரவெல்லாம் விழித்திருந்தவள், அவள்மீது கோபம் கொள்ளாதே. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுவதையும், அடிக்கடி பால் கொடுப்பதையும், மூச்சு வேகமானாலோ நெஞ்சு உள்வாங்கினாலோ உடனே ஓடிவர வேண்டும் என்பதையும் உட்கார்ந்து சொல்.

கடைசியாக, எல்லாவற்றிலும் அவசரமான விஷயம். நம் பக்கத்துத் தென்னையிலும் பனையிலும் கூடு கட்டும் கதண்டு கொட்டி, உடலெங்கும் தடித்து, குரல் கம்மி, மூச்சுத் திணறி, நாடி தளர்ந்த நிலையில் ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள். அந்த நேரத்தில் கை பழக்கத்தால் பெனிரமின் அடங்கிய அவில் ஊசியைத் தேடும், தேட விடாதே. அவில் அரிப்பையும் தடிப்பையும் தணிக்குமே தவிர, வீங்கும் தொண்டையைத் திறக்காது, விழுந்த இரத்த அழுத்தத்தை எழுப்பாது. அட்ரினலின்தான் அங்கே உயிர் காக்கும் ஔஷதம். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து, பெரியவருக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில் தாமதமின்றி ஏற்று. குழந்தைக்குக் கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம். படுக்கவைத்துக் காலை உயர்த்து. மூச்சு திணறுகிறவரை மட்டும் சாய்ந்து உட்காரவிடு. ஐந்து நிமிஷத்தில் தேறாவிட்டால் மறுபடியும் போடு. தேறியபின் வீட்டுக்குப் போகத் துடிப்பார்கள்; சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை அதே வேகத்தோடு திரும்பித் தாக்குவதுண்டாதலால், 108-ஐ அழைத்துத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடு. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது நேரும் ஒவ்வாமைக்கும் இதே விதிதான்.

நாளைக் காலை நிலையத்தைத் திறந்ததும் அவசரத் தட்டிலுள்ள அட்ரினலின் குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார். காலாவதியானவற்றையும், பழுப்பேறியவற்றையும் அகற்றிவிட்டுப் புதியவற்றைக் கேட்டு எழுது. நீ இல்லாத வேளையில் செவிலியர் தயங்காதிருக்கும்படி, அளவையும் ஊசி போட வேண்டிய இடத்தையும் தமிழில் எழுதி, தட்டிற்கு மேலேயே சுவரில் ஒட்டிவிடு.

இங்ஙனம்,
உன் நலம் நாடும்
ஒரு பழைய வைத்தியன்