இரண்டாவது கடைக்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

பிரிக்பீல்ட்ஸில் கடைக்கு இடம் பிடித்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னான். சந்தோஷம். வாடகை, முன்பணமெல்லாம் நீ கணக்குப் போட்டிருப்பாய். ஆள் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடையில் தீபாவளி நேரத்தில் நின்று பார். ஆறு சேலை எடுத்த அம்மா பத்து வெள்ளி குறைக்கச் சொல்கிறார். பதினைந்து வருடமாகச் சேலை விரித்துக் காட்டுகிறவள், "இருங்க ஆன்டி, பாஸைக் கேட்டுட்டு வரேன்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லாவுக்கு ஓடுகிறாள். அவளுக்குத் தெரியாத விலையா? அப்பா கல்லாவிலேயே இருந்ததால் அது ஓடியது. இரண்டு கடை ஆனால் உன் போன்தான் கல்லா. ராத்திரி பதினொன்றுக்கும் அடிக்கும். இவ்வளவு வரை குறைக்கலாம், இழை போயிருந்தால் மாற்றிக் கொடுக்கலாம் என்று எழுதி அவள் கையில் கொடு. சாவியும் கொடு. சம்பளத்தையும் கூட்டு, பொறுப்பை மட்டும் ஏற்றிவிடுகிற முதலாளிகள் நம்மில் அதிகம்.

ஆள் கிடைப்பதில்லை என்று எல்லோரும் புலம்புகிறார்கள். 2009-இல் ஜவுளி, நகை, முடிதிருத்தும் கடைகளுக்குப் புதிதாக அந்நியத் தொழிலாளர் எடுப்பதை அரசாங்கம் முடக்கியதிலிருந்தே இந்தப் பாட்டுதான். உள்ளூர்ப் பிள்ளைகள் வருவார்கள். பேரங்காடியில் வேலை பார்த்தவர்கள், ஓ.டி. கணக்கு விரல்நுனியில் இருக்கும். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான், முன்பு 48. பேறுகால விடுப்பு 98 நாள், தந்தையானவருக்கு 7 நாள். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியானது. "நம்ம பிள்ளைகள்தானே" என்று பத்து மணி வரை நிறுத்திவைத்து, பிரியாணி வாங்கிக் கொடுத்து முடித்துக்கொண்ட காலம் போய்விட்டது. பிரியாணியை நிறுத்தாதே, ஒன்றரை மடங்கு ஓ.டி.யையும் கொடு.

வேலை நேரத்தை மாற்றித் தரும்படி ஒருவர் எழுதிக் கேட்டால் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரச் சொல்கிறது சட்டம். பள்ளி விட்டதும் பிள்ளையை அழைக்கப் போகிற தாய்க்கு அறுபது நாள் எதற்கு? மத்தியானம் கடை காற்று வாங்குகிறது, அன்றைக்கே சரியென்று சொல்.

அப்பா கல்லாவைவிட்டு எழமாட்டான். எழச் சொல்லவும் வேண்டாம், கிள்ளான் கடை அவனுடையதாகவே இருக்கட்டும். பிரிக்பீல்ட்ஸ் கடையில் விலை குறைக்க அவனுக்கு போன் போகாது என்பதை மட்டும் கடை திறக்குமுன் பேசி முடித்துவிடு. பேச்சு தடித்தால் சொல், ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா
காப்பார்